ஈச்சங்கரையில் பட்டாளம் கூட்டிய வரலாறு

படை திரட்ட முரசு வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நாட்டில் உலவுகிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள், சிலர் மேடையேறிச் சொல்லவும் செய்கிறார்கள். இந்தப் பிழை இனியும் நீடிப்பது யாருக்கும் நல்லதல்ல. முரசு சத்தம் போடும், அவ்வளவுதான். சத்தம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், மீதிப் பேர் யார் செத்தது என்று கேட்க வருகிறவர்கள். தெற்கே நெடுங்குடிச் சீமையில் பட்டாளங்களைக் கூட்டியது ஈட்டி. அதிலும் குத்துகிற ஈட்டி சும்மா கிடந்தது, கூட்டியதெல்லாம் அளக்கிற ஈட்டி.

சீமையின் பழைய ராஜா காலமானபோது இரண்டு பிள்ளைகள் தலைப்பாகை கேட்டார்கள். ஒருவர் மூத்த ராணியின் மகன், இன்னொருவர் ராஜாவின் மூத்த மகன். இளைய ராணி முந்திப் பெற்றுவிட்டதால் வந்த வினை இது. அரண்மனைப் பண்டிதர்கள் விஷயத்தை ஊறப்போட்டு ஆராய்ந்து, இருவருமே முறையான வாரிசுதான் என்று முடிவு சொன்னார்கள். முடிவு வந்த அன்றே மூத்தவள் மகன் மேலக்கோட்டையிலும் மூத்த மகன் கீழக்கோட்டையிலும் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேறு நாட்டில் இதற்கு உள்நாட்டுப் போர் என்று பெயர் வைத்திருப்பார்கள். சீமைக்காரர்களுக்கு அது பங்காளிச் சண்டை. வரப்புக்கு அடித்துக்கொள்கிற மாதிரி நாட்டுக்கு அடித்துக்கொண்டார்கள், வரப்புச் சண்டையில் கம்பைத் தூக்குகிறவன் பங்காளியாகவே இருப்பான், இதில் கம்பைத் தூக்க ஊரார் வேண்டியிருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஊரார் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதற்குச் சீமையில் ஒரு சட்டம் இருந்தது. மூங்கில் காம்பு போட்ட பழைய ஈட்டி ஒன்றில், நடுத்தரமான ஓர் ஆணின் உச்சந்தலை வருகிற இடத்தில் பித்தளை வளையம் ஒன்றை இறுக்கியிருப்பார்கள். ஈட்டியை ஊர் மந்தையில் நட்டு, ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தலை வளையத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ அவன் பட்டாளத்துக்காரன். தொடாவிட்டால் அவன் குடியானவன், வீட்டுக்குப் போகலாம். நட்ட ஈட்டியை, தலை தொட்டவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற தளவாய்தான் தன் கையால் பிடுங்கி, தோளில் சாத்தி, முன்னால் நடக்க வேண்டும். பட்டாளம் கூடாமல் வேறு எவனும் அதைப் பிடுங்கக் கூடாது. ஈட்டியைக் கொண்டுவந்து அளக்கிற அரண்மனை அளவுக்காரன் வெறுங்கையோடு திரும்பினால் அவனுக்குப் பரம்பரை வேலை போகும், அதோடு மீசையும் போகும்.

மேலக்கோட்டையின் அளவுக்காரர் வெயிலுகந்தான், பங்குனி வெயிலில் மீசையும் ஈட்டியுமாக ஈச்சங்கரை மந்தையில் வந்து நின்றபோது, ஊரில் எல்லோருக்கும் முன்னால் குளித்து முழுகிக் காத்திருந்தவன் உடையாண்டி.

உடையாண்டி கம்புக் காட்டில் கிளி விரட்டி விரட்டி வளர்ந்தவன். அவன் ஓசை கொடுத்தால் அடுத்த ஊர்க் கிளியும் பறந்துபோகும். ஆனால் ஆள் உயரம் குறைவு. குள்ளன் என்று சொல்லிவிட முடியாது, நெட்டை என்று யாரும் சொன்னதில்லை, குறைவு, அவ்வளவுதான். கல்யாணத்தன்று அவன் பக்கத்தில் மணப்பெண் பேராச்சியின் தம்பி மாடக்கண்ணு வந்து நின்றபோது பெண் வீட்டார் சிரித்த சிரிப்பு அவன் காதை விட்டு இன்னும் போகவில்லை. மாடக்கண்ணு பக்கத்து ஊரான கடம்பக்குளத்தில் இருந்தான். பனை மாதிரி ஆள். பேராச்சி தன் தம்பியை உச்சி முகர வேண்டுமென்றால் அவனைக் கீழே உட்காரச் சொல்ல வேண்டும்.

அளவுக்காரர் வருகிறார் என்று தெரிந்ததுமே ஈச்சங்கரை ஆண்கள் பட்டாளத்துக்குப் பெயர் வைக்கக் கூடினார்கள். கடம்பக்குளத்தார் தங்கள் பட்டாளத்துக்குப் ‘புலிமறித்தான்’ என்று பெயர் வைத்துவிட்டதால், அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. இடிதாங்கி, மலைபெயர்த்தான் எல்லாம் தள்ளப்பட்டு, கடைசியில் ‘எமனை விரட்டி’ என்று முடிவாயிற்று. பிறகு, அளவு பார்க்கும் முன்பே, பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். தளவாய், துணைத் தளவாய், கொடிக்காரர், கொடிக்குக் காவல்காரர், கொம்பு ஊதுகிறவர், கொம்பு ஊதுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கிடைத்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் வெறும் சிப்பாயாக ஒருவர்கூட மிச்சமில்லை. தொண்டையை வைத்து உடையாண்டியைத் தளவாயாக்கினார்கள்.

பேராச்சிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அவள் வாயால் சொல்லவில்லை, பாத்திரங்களால் சொன்னாள். அந்த வாரம் அவள் வீட்டு அடுக்களையில் ஒரு பானைகூட மெதுவாக வைக்கப்படவில்லை.

வெயிலுகந்தான் ஈட்டியை நட்டார். உடையாண்டி போய் நின்றான். அளவுக்காரர் உள்ளங்கையை அவன் தலையில் தட்டையாக வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “கணக்கா இருக்கு” என்றார். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் உயரத்தைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்ட உடையாண்டி, அந்த இடத்திலேயே கிளிச் சத்தம் ஒன்று கொடுத்தான். மந்தை ஆலமரம் காலியானது.

அன்று நேரமாகிவிட்டதால் மற்றவர்களை மறுநாள் அளப்பதாக ஏற்பாடு. தவறு நடந்தது அந்த இடைவெளியில்தான்.

ஈச்சங்கரைப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மந்தையில் யார் எதற்காக ஒரு கால் நட்டாலும் அது பந்தக்கால்தான். கல்யாணத்துக்கு நட்டாலும், கோயில் கொடைக்கு நட்டாலும், மாடு கட்ட நட்டாலும், அடுத்த நாள் விடியலில் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் அதன் அடியில் ஒரு கைப்பிடி நவதானியம் போட்டு, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாலும் ஊற்றி, மஞ்சள் தடவிவிட்டுத்தான் கடப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை, கை செய்யும். பேராச்சி புருஷன் மேல் கோபமாக இருந்தாள், பட்டாளத்தின் மேல் கோபமாக இருந்தாள், ஈட்டியின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபமாக இருந்தாள். ஆனாலும் கை சாய்ந்தது, குடத்திலிருந்து தண்ணீர் விழுந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

அளவு பார்க்க ஆண்கள் கூடியபோது, ஈட்டியின் இரும்பு இலைமுகத்துக்குக் கீழே, பல தலைமுறை எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்த காம்பில் பச்சையாக இரண்டு இலைகள் விட்டிருந்தன. துணைத் தளவாய் முதலில் போய் நின்றான். வளையம் அவன் தலைக்கு மேல் நான்கு விரல் தள்ளி இருந்தது. உடையாண்டியை மறுபடி நிறுத்திப் பார்த்தார்கள். அவன் தலைக்கு மேலும் நான்கு விரல்.

மூங்கில் நுனியில் மட்டும் வளர்கிற பயிர் அல்ல, கணுவுக்குக் கணு நீளக்கூடியது. ஆகவே வளையம் மேலே போனதில் இயற்கைக்கு மாறான விஷயம் ஒன்றும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

“இது என்ன அண்ணாச்சி?” என்றான் உடையாண்டி.

“துளிர்” என்றார் வெயிலுகந்தான்.

“அது தெரியுது. நேத்து நான் கணக்கா இருந்தேம்லா?”

“நேத்து இருந்தீரு. நேத்துப் பட்டாளம் கூடலயே. பட்டாளம் கூடி, ஈட்டியப் பிடுங்குத அன்னைக்கு என்ன அளவோ அதுதான் அளவு.”

“அப்போ நேத்துள்ள இடத்துல ஒரு கோடு போட்டு அளங்க.”

அளவுக்காரர் அவனைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “தளவாயே, சட்டத்துல வளையம்னுதான் இருக்கு. கோடுன்னு இல்ல.”

மேலக்கோட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். போனவன் கொண்டுவந்த பதில் சுருக்கமாக இருந்தது: தலை வளையத்தைத் தொட வேண்டும். அங்கே ஈட்டி துளிர்த்த செய்தியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வளையத்தைக் கழற்றிக் கீழே இறக்கலாமா என்று துணைத் தளவாய் கேட்டதற்கு, அரண்மனைச் சொத்தின் உறுப்பைக் கழற்றுகிறவனின் எந்த உறுப்பு கழற்றப்படும் என்பதை அளவுக்காரர் அமைதியாக எடுத்துச் சொன்னார். வெட்டலாமா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பேராச்சி எல்லாவற்றையும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் விடியலில் அவள் குடம் ஈட்டியின் அடியில் சாய்ந்தபோது, அதைச் சாய்த்தது பழக்கம் இல்லை. ஒரு வாய் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் முழுக் குடத்தையும் ஊற்றினாள், திரும்பிப் போய் இன்னொன்று எடுத்துவந்து அதையும் ஊற்றினாள். பின்னால் வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவரவர் குடத்தைச் சாய்த்தார்கள். ஈட்டி வளர்ந்தது.

ஊர் அந்த அதிசயத்தைத் தன் வேலைகளுக்கு நடுவே இப்படி இடம்பண்ணிக் கொடுத்தது: ஆடுகள் தழையைத் தின்றால் அது ராஜதுரோகமா என்று ஒரு வழக்கு வந்து, விழுந்த இலையைத் தின்னலாம், கிளையில் உள்ளதைத் தின்றால் ஆட்டுக்காரன் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் ஈட்டியின் இரும்புக்கு எண்ணெய் போட வேண்டும் என்பது விதி, ஆகவே வெயிலுகந்தான் வெள்ளிக்கிழமைதோறும் ஏணி வைத்து ஏறினார், ஏணி பத்தாமல் போனபோது இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி ஏறினார், அவர் விழுந்துவிடக் கூடாதே என்று கீழே நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள், அந்த நேரத்தில் ஊரில் வேறு வேலை நடக்காது என்பதால் வெள்ளிக்கிழமை தானாகவே விடுமுறை நாளாயிற்று. இலைமுகத்தின் பக்கவாட்டில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டியது. நட்ட கால் துளிர்த்தால் கல்யாணம் பலிக்கும் என்பது ஊர் ஐதீகம், இங்கே கல்யாணமே இல்லாமல் துளிர்த்துவிட்டதால் அந்தப் பலனை வீணாக்கக் கூடாதென்று, தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்களையெல்லாம் அந்த மாதமே ஈட்டியடியில் நடத்தி முடித்தார்கள். அளவுக்காரருக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போட்டார்கள். பேராச்சி வீட்டு முறை வந்தால் அவர் கூட ஒரு உருண்டை வாங்கிக்கொள்வார், பிறகு முற்றத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவியபடி, இந்தச் சீமையில் சட்டம் மட்டும் இல்லையென்றால் மனிதர்கள் ஒருவரையொருவர் தின்றிருப்பார்கள் என்று விளக்குவார்.

“சட்டம் இருக்கப்போயித்தான அண்ணாச்சி இப்ப வெட்டிக்கிடுதாங்க?” என்று பேராச்சி ஒருமுறை கேட்டாள்.

“அது வேற” என்றார் அவர். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

கடம்பக்குளத்தில் ஈட்டி ஈட்டியாகவே இருந்தது. புலிமறித்தான் பட்டாளம் கொடியும் கொம்புமாக ஈச்சங்கரை வழியாகத்தான் போருக்குப் போனது. மாடக்கண்ணு அதற்குத் தளவாய், முன்னால் ஈட்டியைத் தோளில் சாத்தி வந்தான். மந்தையில் மூங்கிலைப் பார்த்ததும் நின்று, அண்ணாந்து பார்த்து, பிறகு குனிந்து உடையாண்டியைப் பார்த்தான்.

“என்ன அத்தான், இங்க பட்டாளத்துக்குக் குருவியத்தான் எடுப்பாங்களோ?”

அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

பேராச்சி ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏல, நீ எதுக்குல போற? மூத்தவ மகன் உனக்கு மாமனா மச்சினனா?”

“அக்கா, ஊரே போகுது. நான் மட்டும் எப்படி இருப்பேன்? நான் நெட்டையாப் பொறந்தது ஏந் தப்பா?”

“உக்காருல.”

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவன் நெளிந்தான். ஆனாலும் மண்டியிட்டான். அவள் அவன் உச்சியில் முகம் வைத்துவிட்டு, “ஓரமாவே நில்லு. முன்னால போகாத. தளவாயின்னா எல்லாருக்கும் முன்னாலதான் போவணும்னு எவன் சொன்னான்?” என்றாள். அவன் எழுந்து, சிரித்து, முன்னால் போனான்.

அன்று சாயங்காலமே உடையாண்டி மண்வெட்டியை எடுத்தான்.

அவனுடைய யோசனை எளிமையானது, அதனால்தான் அதில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. தலை வளையத்தைத் தொட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அளவுக்காரர் நெடுநேரம் யோசித்து, தலையைச் சொறிந்து, “கால் பூமியில இருக்கணும். பூமி எவ்வளவு உசரம் இருக்கணும்னு விதி இல்ல” என்று ஒப்புக்கொண்டார். எமனை விரட்டிப் பட்டாளம் மொத்தமும் கூடையும் வண்டியுமாக இறங்கியது. குளத்தில் தண்ணீர் வற்றியிருந்த பக்கம் வெட்டி, மண்ணைக் கொண்டுவந்து ஈட்டியைச் சுற்றிக் கொட்டி, மிதித்து, மேடு எழுப்பினார்கள். மேடு உயர உயரப் பெண்கள் குடத்தோடு மேடேறி ஊற்றினார்கள், ஈட்டி உயர உயர ஆண்கள் கூடையோடு மேடேறிக் கொட்டினார்கள். குளத்து வண்டலைவிட நல்ல எரு இல்லை என்பது எமனை விரட்டிப் பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும், அவனவன் வயலுக்கு அடிக்கிற மண்தான் அது. ஆனாலும் போருக்கு அடிக்கும்போது அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இப்படியாக, மேலக்கோட்டையும் கீழக்கோட்டையும் எங்கேயோ மோதிக்கொண்டிருந்த காலத்தில், ஈச்சங்கரையில் வீட்டுக்கு வீடு ஒரு போர் நடந்தது. பகலெல்லாம் புருஷன் கொட்டுவான், பெண்டாட்டி ஊற்றுவாள், பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பி ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். இடுப்பு வலிக்கிறது என்று அவன் சொன்னால் அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். தோள் வலிக்கிறது என்று அவள் சொன்னால் அவன் தைலம் தேய்ப்பான். மறுநாள் விடிந்ததும் அவரவர் ஆயுதத்தோடு மந்தைக்குப் போவார்கள்.

உடையாண்டி வீட்டில் மட்டும் ஒத்தடம் இல்லை. அவன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். பேசியது ஒரே ஒரு நாள்தான்.

“நீ ஊத்தி ஊத்தி என்னைக் குள்ளனாக்கிட்ட.”

அவள் அப்போது முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. “ஊரு உங்களை என்ன வேணாச் சொல்லட்டும். எனக்கு நீங்க கணக்காத்தான் இருக்கீங்க.”

“அளவுக்காரரு கணக்கா இருக்கேன்னு சொன்னாருல்லா. அத நீதான் கெடுத்த.”

“அவரு கணக்குல நின்னா நீங்க திரும்பி வருவீங்களா?”

அவன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எதற்கும் அஞ்சாத அந்தக் குரல் அந்த வீட்டில் இனி ஒருநாளும் கேட்காமல் போய்விடுமோ என்று அவள் பயந்தாள். அது எந்த வழியில் கேட்காமல் போகும் என்பதுதான் தெரியவில்லை. போருக்குப் போனாலும் போகும், போகாவிட்டாலும் போகும் போலிருந்தது.

ஆடியில் பெண்களுக்கு நாற்று நடுகிற வேலை வந்தது. மந்தைக்கு வரும் குடங்கள் குறைந்தன. ஒரு காலையில் மேடு ஜெயித்துவிட்டது.

உடையாண்டி உச்சியில் ஏறி, ஈட்டியில் முதுகைச் சாத்தி நின்றான். வெயிலுகந்தான் மேடேறி, மூச்சு வாங்கி, உள்ளங்கையை அவன் தலையில் வைத்தார். வளையத்தைப் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார்.

“தொட்டுட்டு” என்றார்.

கிளிச் சத்தம் எழுந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மற்றவர்களும் ஏறி வரிசையாக நின்று தொட்டார்கள். கொடிக்காரர் தொட்டார், கொடிக்குக் காவல்காரர் தொட்டார், கொம்புக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கூடத் தொட்டார். பேராச்சி சேறு அப்பிய காலோடு வயலிலிருந்து ஓடிவந்து மேட்டின் அடியில் நின்றாள். கையில் குடம் இல்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் அதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

“பட்டாளம் கூடிட்டு” என்றார் அளவுக்காரர். “தளவாயே, ஈட்டியப் பிடுங்கும்.”

உடையாண்டி பிடித்து இழுத்தான். ஈட்டி வரவில்லை. துணைத் தளவாய் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான், அவன் இடுப்பைக் கொடிக்காரர் பிடித்து இழுத்தார். மூங்கில் வேர் விட்டிருந்தது, வேருக்கு மேல் அவர்கள் கோடை முழுக்கக் கொட்டிய மண் இருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். மண்வெட்டிகள் வந்தன. வெட்ட வெட்ட மேடு இறங்கியது, மேடு இறங்க இறங்க உடையாண்டியும் இறங்கினான், இடுப்பளவு வெட்டியபோது அளவுக்காரர் கையைத் தூக்கினார்.

“நில்லுங்க. தளவாயே, தலை எங்க?”

உடையாண்டி அண்ணாந்து பார்த்தான். வளையம் மேலே இருந்தது.

“பிடுங்குத அன்னைக்கு என்ன அளவோ அதுதான் அளவுன்னு அன்னைக்கே சொன்னேன். வளையத்தத் தொடாத ஆளு தளவாயில்ல. தளவாயில்லாத ஆளு பிடுங்கக் கூடாது.”

“அப்போ மண்ணைத் திரும்பப் போடுதோம்.”

“போடுங்க. தொட்டப்புறம் பிடுங்குங்க.”

போட்டார்கள். தொட்டான். இழுத்தான். வரவில்லை. வெட்டினார்கள். இறங்கினான். தொடவில்லை. மறுபடி போட்டார்கள். வெயில் ஏறி இறங்கியது, வெட்டுவதும் நிரப்புவதுமாகப் பட்டாளம் முழுவதும் வியர்வையில் குளித்தது, கொம்பு ஊதுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர் முதல்முறையாகத் தன் பதவிக்கு ஒரு வேலை இருப்பதைக் கண்டு எல்லோருக்கும் ஓடி ஓடிக் கொடுத்தார். பேராச்சி கண்ணை எடுக்காமல் வெயிலுகந்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டத்தில் உள்ளதைத்தான் சொல்கிறாரா, தானாக ஒரு வரியைச் சேர்த்துச் சொல்கிறாரா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மீசை அதிகம்.

பொழுது சாயும் நேரத்தில் உடையாண்டி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் உட்கார்ந்தான். எமனை விரட்டிப் பட்டாளம் அவனைச் சுற்றி உட்கார்ந்தது. யாரும் அதைக் கலைக்கவில்லை, அது கூடவும் இல்லை. அளவுக்காரர் மட்டும் நின்றபடி, “நான் எங்கயும் போகல. கூடும்போது சொல்லுங்க” என்றார். அன்று அவருக்குச் சோற்று முறை பேராச்சி வீடு. முறைப்படி பார்த்தால் அன்று வேறு வீட்டு நாள், அவள் மாற்றிக்கொண்டாள்.

போர் ஐப்பசி மழையோடு முடிந்தது. இரண்டு பக்கமும் ஆள் தீர்ந்துபோன பிறகு, மூத்தவள் மகனும் மூத்த மகனும் ஒரே பல்லக்கில் கோயிலுக்குப் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பண்டிதர்கள் அதைத்தான் முதலிலேயே சொல்ல நினைத்ததாகச் சொன்னார்கள்.

கடம்பக்குளத்துப் புலிமறித்தான் பட்டாளத்தில் தலை வளையத்தைத் தொட்டவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

செய்தியோடு வந்தது மாடக்கண்ணுவின் பெண்டாட்டி சிவனணைஞ்சி. மகள் பூவாச்சியைக் கையில் பிடித்து, ஒரு மூட்டையைத் தலையில் வைத்து, மழையில் நடந்து வந்திருந்தாள். வாசலில் நின்று, “மதினி” என்றாள். பேராச்சி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். பிள்ளையின் தலையைத் துவட்டினாள். அடுப்பில் உலை வைத்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய், மாட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

உடையாண்டி எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்த்தான். அந்த வீட்டில் அடுக்களையை விட்டால் இருந்தது ஒரே அறை. அதில் இப்போது எல்லோரும் இருந்தார்கள்.

மழை விட்ட அன்று அவன் மண்வெட்டியோடு மந்தைக்குப் போனான். இவன் மறுபடி ஆரம்பித்துவிட்டானா என்று பெண்கள் வழியை மறித்தார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு மேடேறி வெட்டினான், வெட்டிய மண்ணை வண்டியில் ஏற்றினான், வண்டியைத் தன் வீட்டுக்கு ஓட்டினான். கொல்லையில் கொட்டி, வைக்கோல் வெட்டிப் போட்டு, தண்ணீர் விட்டு மிதிக்க ஆரம்பித்தான். பேராச்சி வந்து பார்த்தாள்.

“என்ன செய்யுதீங்க?”

மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத குரல் பதில் சொன்னது. “சுவரு. தண்ணி பத்தாது. உன் குடத்த எடுத்துட்டு வா.”

அவள் எடுத்துவந்தாள். அவன் மிதித்தான், அவள் ஊற்றினாள்.

கடம்பக்குளத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகள் ஈச்சங்கரையில் பல வீடுகளுக்கு உண்டு. அவர்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஓர் அறை கூடியது, ஒவ்வோர் அறைக்கும் மந்தை மேட்டில் ஒரு பக்கம் குறைந்தது. மிதித்து மிதித்து இறுகிய வண்டல் சுவருக்கு அருமையாக நின்றது. தை பிறப்பதற்குள் மேடு தரையோடு தரையாயிற்று. ஈட்டி மட்டும் பனை உயரத்துக்கு மேல் நின்றது. வெயிலுகந்தான் வெள்ளிக்கிழமைகளில் மூன்று ஏணிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

உடையாண்டி வீட்டுப் புது அறைக்குக் கதவு நிலை வைக்கத் தச்சர் வந்தார். ஊர் வழக்கப்படி தன் தலைக்குக் கொஞ்சம் மேலே சுவரில் கரிக்கோடு போட்டு, “இது போதும்லா?” என்றார்.

உடையாண்டி பூவாச்சியைப் பார்த்தான். அவள் வாசலில் சம்மணமிட்டுக் குருவி இறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்த இந்தச் சில மாதங்களில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

“பத்தாது” என்றான்.

“உமக்கு இதுவே அதிகம்வே.”

“எனக்கு இல்ல.” அவன் சுவரோடு நின்று, கையை மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி, விரல் நுனி எட்டிய இடத்தில் நகத்தால் கீறினான். “இவ அப்பன் இம்புட்டு இருப்பான். இதுக்கு மேல ஒரு சாண் விட்டு வையும்.”

பேராச்சி வந்து கீறலைப் பார்த்தாள். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. “இன்னும் ரெண்டு விரல்” என்றாள்.

தச்சரிடம் அவ்வளவு நீளத்துக்கு மரம் இல்லை. மேற்கே சந்தைக்கு வண்டி அனுப்பித் தருவிக்க வேண்டியிருந்தது. அந்த அறைக்குக் கதவு மாட்ட மாசி ஆயிற்று.